வீடு மாறும்போது எந்தப் பொருளுக்கு எந்த ஃபோம்?

பினாங்கிலிருந்து கோலாலம்பூருக்கு வீடு மாறியபோது குத்துவிளக்கு, சாமி படங்கள், கிரைண்டர் எல்லாம் லாரியில் சேதமில்லாமல் வந்து சேர்ந்தன. என்ன ஃபோம் வாங்கினேன் என்று சொந்தக்காரர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதிவைக்கிறேன். பெட்டி மடிப்பது, டேப் ஒட்டுவது பற்றியெல்லாம் சொல்லப்போவதில்லை.

1. வகையைப் பாருங்கள்

ரோலாகவும் பலகையாகவும் கிடைக்கும் வெள்ளை ஃபோம் ஈபிஈ (EPE, பாலிஎத்திலீன் ஃபோம்). அழுத்தினால் மீண்டும் எழும்பும், தண்ணீர் உறிஞ்சாது. டிவி பெட்டியில் வரும் பாலிஸ்டைரீன் முதல் அடியை நன்றாகத் தாங்கும். ஆனால் நசுங்கிய இடம் எழும்பாது, உதிரவும் செய்யும். ஸ்பாஞ்ச் ஈரத்தை இழுக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் பித்தளையை அதில் சுற்றி மாதக்கணக்கில் வைக்காதீர்கள். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ஈபிஈதான் வாங்குவேன்.

2. எடையைப் பாருங்கள்

பலர் தடுமாறுவது இங்கேதான். மெத்தென்று இருந்தால் நல்ல ஃபோம் என்று நினைத்துவிடுகிறோம். ஃபோம் அமுங்கும்போதுதான் அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. கனமான பொருளை மென்மையான ஃபோமில் வைத்தால் ஃபோம் முன்பே முழுக்க அமுங்கிவிடும். பெட்டி கீழே விழும் நேரத்தில் அமுங்குவதற்கு எதுவும் மிச்சமிருக்காது. மறுபக்கம், லேசான கண்ணாடிக் கிண்ணத்தைக் கெட்டியான பலகையில் வைத்தால் ஃபோம் அசையாது, அதிர்ச்சி நேராகக் கண்ணாடிக்குப் போகும்.

அதனால் பொருளை ஃபோம் மீது வைத்துப் பாருங்கள். பாதிவரை அமுங்கினால் இன்னும் கெட்டியானது வேண்டும், அல்லது அடியில் ஃபோமின் பரப்பைக் கூட்ட வேண்டும். கொஞ்சம்கூட அமுங்காவிட்டால் மென்மையானதற்கு மாறுங்கள், அல்லது பலகையைச் சிறு துண்டுகளாக வெட்டி மூலைகளில் மட்டும் வையுங்கள்.

3. பிரித்துச் சுற்றுங்கள்

குத்துவிளக்கின் திருகைக் கழற்றி, ஒவ்வொரு பாகத்தையும் மெல்லிய ஈபிஈயில் தனித்தனியாகச் சுற்றுங்கள். கிரைண்டர் கல்லை வெளியே எடுத்து வேறு பெட்டியில் போடுங்கள். சாமி படத்தின் கண்ணாடிமேல் மாஸ்கிங் டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி, நான்கு மூலைக்கும் ஃபோம் மாட்டி, நிமிர்த்தியே வையுங்கள். படுக்கவைத்தால் மேலே வைக்கும் பாரம் முழுவதும் கண்ணாடியில் இறங்கும்.

கம்ப்யூட்டர் பாகங்களுக்கு ஆன்டிஸ்டாட்டிக் ஃபோம், அதாவது நிலைமின்சாரம் சேராத ஃபோம் தேவை. பெரும்பாலும் இளஞ்சிவப்பாக இருக்கும்.

4. இடைவெளியை நிரப்புங்கள்

பொருளைச் சுற்றி எல்லாப் பக்கமும் 5 சென்டிமீட்டர் ஃபோம் இருக்கட்டும். மூடிவிட்டு ஆட்டிப் பாருங்கள். உள்ளே நகர்ந்தால் இன்னும் நிரப்புங்கள்.

கூரியரில் அனுப்புகிறவர்கள் பெட்டியின் அளவையும் கணக்கில் எடுக்க வேண்டும். நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கிப் பல நிறுவனங்கள் 5000 ஆல் வகுத்து, வருவதைக் கிலோவாக எடுத்துக்கொள்கின்றன. 50×40×40 பெட்டி என்றால் உள்ளே 4 கிலோதான் இருந்தாலும் 16 கிலோவுக்குக் கட்டணம் வரும். ஆகவே பெரிய பெட்டியில் நிறைய ஃபோமை அடைப்பதைவிட, பொருளுக்கு ஏற்ற சின்னப் பெட்டி எடுப்பது நல்லது.

பிற்சேர்க்கை: வார்னிஷ் போட்ட மர அலமாரியில் பபிள் ரேப் வட்ட வட்டமாகத் தடம் பதித்துவிட்டது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். மூடிய லாரியின் சூட்டில் அப்படி நடக்கும். முதலில் பழைய வேட்டியையோ பருத்தித் துணியையோ சுற்றி, அதற்கு மேல் பபிள் ரேப் போடுங்கள். அதேபோல பிவிசி உறை போட்ட சார்ஜர் வயரைப் பாலிஸ்டைரீனோடு ஒட்டினாற்போல் நாள்கணக்கில் விடாதீர்கள். வயரிலிருந்து கசியும் பொருள் பாலிஸ்டைரீனை இளக்கி, இரண்டையும் ஒட்டவைத்துவிடும். வயரை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்தால் போதும்.