கெட்டில் கிரில்லில் போர்க் ரிப்ஸ்: முதல்முறை ஸ்மோக் செய்பவர்களுக்கு

சுதந்திர தினமான ஜூலை 4 நெருங்கிவிட்டால் அமெரிக்காவில் எந்தத் தெருவுக்குள் போனாலும் ஏதோ ஒரு வீட்டின் பின்பக்கமிருந்து கரியும் இறைச்சியும் கலந்த வாசம் வரும். நாமும் நண்பர்களைக் கூப்பிட்டு ரிப்ஸ், அதாவது பன்றி விலா, செய்யலாம் என்று ஆசைப்படுகிற பலர், அதற்கென்று தனியாக ஸ்மோக்கர் என்கிற புகையடுப்பு வாங்க வேண்டுமே என்று ஒதுங்கிவிடுகிறார்கள். தேவையில்லை. 22 அங்குல கெட்டில் கிரில் (மூடிபோட்ட உருண்டையான கரி அடுப்பு), ஒரு மூட்டை கரி, நல்ல தெர்மாமீட்டர், ஒரு முழு மதியம் இருந்தால் போதும். இதில் கற்றுக்கொள்ள வேண்டியது முக்கியமாக ஒன்றுதான்: தீயைச் சின்னதாக, மணிக்கணக்கில் ஒரே அளவில் வைத்திருப்பது. மசாலாவும் சாஸும் அதற்கு அப்புறம்தான்.

ஆறு பேர், மாலை ஆறு மணிக்குச் சாப்பாடு என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

இறைச்சி வாங்குதல்

கடையில் மூன்று வகை கிடைக்கும். பேபி பேக் என்பது முதுகெலும்பை ஒட்டிய பகுதி. சிறியது, கொழுப்பு குறைவு, சீக்கிரம் வெந்துவிடும். ஸ்பேர் ரிப்ஸ் வயிற்றுப் பக்கத்து விலா. பெரியது, கொழுப்பும் அதிகம். இந்த ஸ்பேர் ரிப்ஸின் ஓரத்திலிருக்கும் மார்பெலும்பையும் குருத்தெலும்பையும் வெட்டி எடுத்து நீள்சதுரமாக்கினால் அது செயின்ட் லூயிஸ் கட். முதல்முறை செய்பவர்கள் இதையே வாங்குங்கள். கனம் ஒரே சீராக இருப்பதால் ஒரு முனை கருகி மறுமுனை வேகாமல் நிற்காது. சூடு கொஞ்சம் ஏறி இறங்கினாலும் உள்ளே இருக்கும் கொழுப்பு சமாளித்துவிடும்.

கூட வேறு உணவுகளும் இருந்தால் மூன்று பேருக்கு ஒரு ரேக் (வரிசையாக விலாக்கள் சேர்ந்த ஒரு முழுத் துண்டு) வரும். ஆகவே இரண்டு ரேக். லேபிளைக் கட்டாயம் படியுங்கள். உப்புநீர் செலுத்தப்பட்ட இறைச்சி என்று போட்டிருந்தால், கீழே சொல்லும் உப்பைப் பாதியாகக் குறைத்துவிட வேண்டும். உறைந்த ரேக் என்றால் ஃபிரிட்ஜுக்குள் வைத்தே உருகவிடுங்கள். ஒன்றரை நாளாவது பிடிக்கும்.

சவ்வை உரித்தல்

ரேக்கைத் திருப்பினால் எலும்புப் பக்கம் மெல்லிய, பளபளப்பான சவ்வு தெரியும். வெந்த பிறகு அது தோல்போல இறுகி, கடிக்க இடைஞ்சலாக நிற்கும். நடு எலும்பொன்றின் மேல் கரண்டிக் காம்பை அதன் அடியில் நுழைத்துக் கொஞ்சம் தூக்குங்கள். வெறும் கையில் வழுக்கும். பேப்பர் டவலால் பிடித்து இழுத்தால் பெரும்பாலும் ஒரே இழுப்பில் வந்துவிடும்.

மசாலாப் பொடி

ரப் என்கிற பொடி, இரண்டு ரேக்குக்கு: பிரவுன் சுகர் 4 டேபிள்ஸ்பூன், பாப்ரிகா 3, கோஷர் உப்பு (பரல் பெரிதான உப்பு) ஒன்றரை, மிளகுத்தூள் 1, பூண்டுப்பொடி 1, வெங்காயப்பொடி 1, சீரகத்தூள் 1 டீஸ்பூன். காரத்துக்கு நம் மிளகாய்த்தூள் 1 டீஸ்பூன். அமெரிக்கக் கடைகளில் சில்லி பவுடர் என்ற பெயரில் விற்பது சீரகம், ஆரிகனோ எல்லாம் கலந்த பொடி. அதைத் தனி மிளகாய்த்தூள் என்று நினைத்துப் போட்டால் காரமே இருக்காது.

இறைச்சியை நன்றாகத் துடைத்து, மெல்லிசாகக் கடுகு பேஸ்ட் தடவி, பொடியை இரு பக்கமும் தூவுங்கள். கடுகு பொடியைப் பிடித்து வைக்கத்தான். வெந்த பிறகு அதன் ருசி தெரியாது. இஞ்சி பூண்டு விழுது, தயிர் என்று ஈரமான மசாலா பக்கம் போக வேண்டாம். மேற்பரப்பு காய்ந்தால்தான் கறுஞ்சிவப்பான மொறுமொறு ஓடு பிடிக்கும். அதற்கு பார்க் என்று பெயர். நல்ல ரிப்ஸின் பாதி ருசி அதில்தான் இருக்கிறது.

தீ: முழுக் கவனமும் இங்கே

சிகாகோவில் உலோக வேலை செய்துவந்த ஜார்ஜ் ஸ்டீஃபன், 1952இல் மிதவைகளுக்கான உலோகக் கோளத்தை வெட்டி முதல் கெட்டில் கிரில்லைச் செய்தார். திறந்த கிரில்லில் காற்றும் மழையும் தீயைப் படுத்திய பாடுதான் அவரை அதற்குத் தூண்டியது. மூடியும், அடியிலும் மேலும் உள்ள காற்றுத் துளைகளும்தான் அதன் உயிர். அடித்துளை வழியாக எவ்வளவு காற்று போகிறதோ அவ்வளவுதான் தீ. கேஸ் அடுப்புக்குக் குமிழ் எப்படியோ, கெட்டிலுக்கு அந்தத் துளை அப்படி.

காலை 11 மணிக்குக் கரி அடுக்கத் தொடங்குங்கள். பிரிக்கெட் என்கிற அச்சுக் கரியே வேண்டும், எல்லாம் ஒரே அளவில் இருப்பதால். ஆனால் தீப்பற்றும் திரவம் ஊறவைத்து விற்கும் வகை வேண்டாம். மதியம் முழுக்க ஒவ்வொரு கரியாகப் பற்றும்போது அந்த எண்ணெய் வாடை இறைச்சியில் ஏறும். கிரில்லின் உள்சுவரை ஒட்டி, இரண்டு கரி அகலம், இரண்டு கரி உயரமாக, சுற்றளவில் மூன்றில் இரண்டு பங்குக்கு அடுக்கிக்கொண்டே போங்கள். பாம்பு வளைந்து படுத்திருப்பதுபோல் இருக்கும். இந்த முறைக்கு ஸ்னேக் என்றே பெயர். நடுவில் காலியாக இருக்கும் இடத்தில் அலுமினியத் தட்டு வைத்து வெந்நீர் ஊற்றுங்கள். தண்ணீர் சூட்டை நிதானமாக்கும், சொட்டும் கொழுப்பையும் வாங்கிக்கொள்ளும்.

கரிவரிசையின் முதல் பாதியில், இடைவெளி விட்டு மூன்று நான்கு மரக்கட்டைகளை மேலே வையுங்கள். ஹிக்கரி அழுத்தமான புகை. ஆப்பிள், செர்ரி மென்மையானவை. ஹிக்கரி இரண்டு, ஆப்பிள் இரண்டு என்று கலந்தால் பன்றிக்கு அருமையாகப் பொருந்தும். மெஸ்கீட் இவ்வளவு நேரச் சமையலுக்கு மிகக் கடுமை. பைன், பெயின்ட் அடித்த பலகை, மருந்தேற்றிய மரம் கூடவே கூடாது. கட்டைகளை ஊறவைக்கவும் வேண்டாம்; தண்ணீர் உள்ளே இறங்குவதில்லை, நீராவி வந்து நேரம்தான் போகும்.

பத்துக் கரியைத் தனியே சிம்னி ஸ்டார்ட்டரில் (கரி பற்றவைக்கும் உலோகக் குழாய்) சாம்பல் பூக்கும்வரை பற்றவைத்து, பாம்பின் தலையில் கொட்டுங்கள். மூடிபோட்டு, மேல்துளையை முழுதாகவும் அடித்துளையைக் கால்வாசியும் திறந்து வையுங்கள். முதலில் அடர்த்தியான வெள்ளைப் புகை வரும். அந்தப் புகையில் இறைச்சியை வைத்தால் கசப்பேறும். அது அடங்கி, மெல்லிய நீலச் சாயலில், இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்குக் குறையும்வரை காத்திருங்கள்.

இலக்கு 225 முதல் 250 டிகிரி ஃபாரன்ஹீட். அதாவது ஏறக்குறைய 107 முதல் 121 செல்சியஸ். மூடியில் பதித்த மீட்டரை நம்ப வேண்டாம். அது காட்டுவது மேலே தேங்கும் சூட்டை. கம்பித் தட்டில் இறைச்சி பக்கத்திலேயே பொருத்தும் டிஜிட்டல் புரோப் வாங்கிவிடுங்கள். சூடு ஏறினால் அடித்துளையைக் கொஞ்சம் மூடுங்கள், இறங்கினால் கொஞ்சம் திறங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் பதினைந்து நிமிடம் பொறுங்கள். மேல்துளையை மட்டும் சமைத்து முடியும்வரை மூடக் கூடாது; புகை உள்ளேயே தேங்கிக் கசக்கும்.

எல்லாவற்றையும் திறந்தவெளியில்தான் செய்ய வேண்டும். மழை பெய்தாலும் கராஜுக்குள் நகர்த்தாதீர்கள், கதவு திறந்திருந்தாலும் சரி. எரியும் கரி கார்பன் மோனாக்சைடு விடும். அதற்கு வாசமே கிடையாது, ஆளைக் கொன்றுவிடும்.

வேகவைத்தல்

12 மணி வாக்கில் எலும்புப் பக்கம் கீழே இருக்கும்படி ரேக்குகளைத் தண்ணீர்த்தட்டுக்கு நேர்மேலே வையுங்கள். கரிக்கு மேல் எந்த ஓரமும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. மேல்துளை, தீ இருக்கும் இடத்துக்கு எதிர்ப்புறம் வருமாறு மூடியைத் திருப்பிவையுங்கள். புகை இறைச்சியைத் தடவிக்கொண்டு வெளியேறும்.

அப்புறம் மூன்று மணி நேரம் மூடியைத் தொட வேண்டாம். அடிக்கடி ஆப்பிள் ஜூஸ் தெளிக்கச் சொல்பவர்கள் உண்டு. புதியவர்களுக்கு அது வேண்டாம் என்பேன். திறக்கும்போதெல்லாம் சூடு போகிறது, புதுக் காற்று புகுந்து கரி சீறுகிறது, அதை அடக்கவே அரைமணி ஆகிவிடும்.

மூன்று மணிக்குப் பாருங்கள். நிறம் ஆழ்ந்த செம்பழுப்பாகி, நகத்தால் லேசாகச் சுரண்டினால் பொடி உதிராமல் ஒட்டியிருந்தால் சுற்றும் நேரம். இரட்டை ஃபாயிலில் கொஞ்சம் வெண்ணெய், இரண்டு மூன்று ஸ்பூன் ஆப்பிள் ஜூஸ் விட்டு, சதைப்பக்கம் கீழே வைத்து இறுக்கமாக மடித்து மறுபடி கிரில்லில் வையுங்கள். ஈரம் ஆவியாகி இறைச்சியைக் குளிர்விப்பது இதோடு நிற்கும். எலும்பைச் சுற்றியுள்ள கடினமான கொலாஜன் ஜெலட்டினாகக் கரையத் தொடங்கும். ஒன்றேகால் முதல் ஒன்றரை மணி நேரம்.

மூன்று மணி புகை, இரண்டு மணி ஃபாயில், ஒரு மணி சாஸ் என்று 3-2-1 கணக்கு ஒன்று இணையம் முழுக்கச் சுற்றுகிறது. பேபி பேக்குக்கு அதை அப்படியே செய்தால் குழைந்துபோகும். செயின்ட் லூயிஸ் கட்டுக்கும் 250 டிகிரியில் அது அதிகம்தான்.

ஃபாயிலைப் பிரித்தெடுத்த பிறகு சாஸ். 1900களின் தொடக்கத்தில் ஹென்றி பெர்ரி என்ற கறுப்பினச் சமையற்காரர் விற்கத் தொடங்கியதில் வேர்விட்ட கன்சாஸ் சிட்டி பார்பெக்யூ, இன்று தக்காளியும் மொலாசஸ் என்கிற கரும்புப் பாகும் சேர்ந்த கெட்டியான இனிப்பு சாஸுக்குப் பேர்போனது. மெம்ஃபிஸ் நகரில் சாஸ் இல்லாத உலர் ரிப்ஸ் விரும்பிகள் ஏராளம். கூட்டத்தில் இரண்டு ரசனையும் இருக்கும். ஒரு ரேக்குக்கு மட்டும் சாஸ் பூசுங்கள். சர்க்கரை கருகும் என்பதால் கடைசி அரைமணிக்குள்தான், மெல்லிசாக இரண்டு தடவை.

வெந்ததா?

கடிகாரத்தைவிட இறைச்சியையே கேளுங்கள். இடுக்கியால் ரேக்கின் மூன்றில் ஒரு பாகத்தைப் பிடித்துத் தூக்கினால், மீதி நன்றாக வளைந்து தொங்கி, மேற்பரப்பு லேசாக வெடிக்க வேண்டும். எலும்பு முனைகள் அரை அங்குலம் வரை வெளியே தெரியும். எலும்புகளுக்கிடையே பல்குச்சி தடையில்லாமல் இறங்கும். தெர்மாமீட்டரில் 195 முதல் 203 டிகிரி ஃபாரன்ஹீட். பன்றி இறைச்சி 145 டிகிரியிலேயே சாப்பிடப் பாதுகாப்பானதுதான், ஆனால் விலா அந்த நிலையில் ரப்பர்போல இருக்கும்.

தொட்டவுடன் சதை எலும்பிலிருந்து உதிர்வதே உச்சம் என்று பலர் நினைக்கிறார்கள். கன்சாஸ் சிட்டி பார்பெக்யூ சொசைட்டி நடத்தும் போட்டிகளில் அது அதிகமாக வெந்துவிட்டதன் அடையாளம். கடித்த இடம் மட்டும் சுத்தமாக வந்து, மற்றது எலும்பிலேயே நிற்க வேண்டும். எனக்கும் அந்தப் பக்குவம்தான் பிடிக்கும்.

பதினைந்து நிமிடம் ஆறவிட்டு, எலும்புகளுக்கு நடுவே வெட்டுங்கள். சதையின் ஓரம் இளஞ்சிவப்பாக இருப்பதைப் பார்த்து வேகவில்லையோ என்று யாராவது கேட்பார்கள். புகையில் உள்ள வாயுக்கள் இறைச்சியின் மயோகுளோபினோடு சேர்வதால் வரும் நிறம் அது.

கோல்ஸ்லா (முட்டைக்கோஸ் சாலட்), பேக்டு பீன்ஸ், ஊறவைத்த வெள்ளரி, சாதாரண வெள்ளை பிரெட் இருந்தால் போதும். பன்றி சாப்பிடாதவர்களும் சைவர்களும் வருவார்கள் என்றால், இது பன்றி என்று எழுதி வையுங்கள். அவர்களுக்கான சோளத்தையும் கோழியையும் தனிப் பாத்திரத்தில், தனி இடுக்கியோடு, வீட்டு ஓவனிலேயே செய்துவிடுங்கள்.

மிச்சத்தை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறுநாள் ஃபாயிலில் சுற்றி 250 டிகிரி ஓவனில் சூடாக்கலாம். கிரில்லின் துளைகள் இரண்டையும் மூடினால் தீ தானாக அணைந்து, எரியாத கரி அடுத்த முறைக்கு மிஞ்சும். சாம்பலை மறுநாள், முழுக்க ஆறிய பிறகு, உலோக வாளியில் அள்ளுங்கள்.