பூலியன் புலம் காலியாக இருந்தால் குவெரி எழுதுவது எப்படி?

டேட்டாபேஸில் 'உறுப்பினர்' என்று ஒரு டேபிள், அதில் பத்து உறுப்பினர்கள். செய்திமடல் அனுப்பலாமா என்பதைக் குறிக்க 'சம்மதம்' என்று ஒரு பூலியன் புலம், அதாவது உண்மை (ட்ரூ) அல்லது பொய் (ஃபால்ஸ்) என்று பதியும் இடம். நான்கு பேர் ஆம் என்றார்கள், மூன்று பேர் வேண்டாம் என்றார்கள், மீதி மூன்று பேரிடம் யாரும் கேட்கவே இல்லை. அந்த மூன்று பேரின் புலம் காலி.

இப்போது இரண்டு குவெரிகளை (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்விகளை) ஓட்டிப் பாருங்கள். (கட்டளைகளை ஒலிக்கிறபடி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். தட்டும்போது வழக்கமான ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.)

செலக்ட் கவுன்ட்(*) ஃப்ரம் உறுப்பினர் வேர் சம்மதம் = ட்ரூ;

செலக்ட் கவுன்ட்(*) ஃப்ரம் உறுப்பினர் வேர் சம்மதம் <> ட்ரூ;

இரண்டாவதில் இருக்கும் குறிக்கு 'சமமில்லை' என்று பொருள். முதலாவது 4 என்கிறது, இரண்டாவது 3 என்கிறது. மூன்று பேரைக் காணோம்! எரர் எதுவும் வராது, எச்சரிக்கையும் வராது. அறிக்கையில் எண்களைக் கூட்டிப் பார்க்கிறவர் கண்ணில் பட்டால்தான் உண்டு.

படி 1: டேட்டாபேஸ் எப்படி யோசிக்கிறது?

குவெரி எழுதும் மொழியான எஸ்க்யூஎல்லில் ஒரு நிபந்தனைக்கு உண்மை, பொய், 'தெரியாது' என்று மூன்று விடைகள் உண்டு. வெற்றுப் புலத்தை எதோடு ஒப்பிட்டாலும் விடை 'தெரியாது'தான். நிபந்தனை எழுதும் வேர் பகுதியோ, விடை உண்மை என்று வந்த பதிவுகளை மட்டும்தான் உள்ளே விடும். பொய்யும் தெரியாததும் வாசலிலேயே நின்றுவிடும். 'சம்மதம் = நல்' (நல் என்றால் வெற்று) என்று எழுதினால் ஒரு பதிவுகூட வராததற்கும் இதுவே காரணம். வெற்றைத் தேட 'இஸ் நல்' என்றுதான் எழுத வேண்டும்.

நிபந்தனைக்கு முன்னால் ஒரு நாட் ('இல்லை') போட்டால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. தெரியாததைத் தலைகீழாக்கினாலும் அது தெரியாததுதான்.

அண்ட் ('மற்றும்'), ஆர் ('அல்லது') இரண்டுக்கும் மனப்பாடம் தேவையில்லை. அந்த வெற்று இடத்தில் உண்மை இருந்தால் என்ன, பொய் இருந்தால் என்ன என்று இரண்டையும் போட்டுப் பாருங்கள். இரண்டிலும் ஒரே விடை வந்தால் அதுதான் விடை, வேறுபட்டால் 'தெரியாது'. 'பொய் அண்ட் வெற்று' எப்படியும் பொய். 'உண்மை ஆர் வெற்று' எப்படியும் உண்மை. ஆனால் 'உண்மை அண்ட் வெற்று' வெற்றின் கையில் இருக்கிறது, ஆகவே தெரியாது.

படி 2: காலி என்றால் என்ன பொருள் என்று முடிவு செய்யுங்கள்

குவெரியைத் தொடும் முன் செய்ய வேண்டிய வேலை இது. பெரும்பாலோர் தாண்டிப்போவதும் இதைத்தான். கேள்வியே கேட்கப்படாமல் இருந்திருக்கலாம். அந்தப் பதிவுக்கு அந்தக் கேள்வி பொருந்தாமல் இருக்கலாம். அல்லது புலம் பின்னால் சேர்க்கப்பட்டதால் பழைய பதிவுகள் நிரப்பப்படாமல் கிடக்கலாம்.

செய்திமடலில் காலியை 'வேண்டாம்' என்று எடுத்துக்கொள்வது பாதுகாப்பானது. கேட்காதவருக்கு அனுப்பக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் ஒரு நோயாளியின் பதிவில் 'பெனிசிலின் ஒவ்வாமை' என்ற புலம் காலியாக இருக்கிறது என்று வையுங்கள். அதை 'இல்லை' என்று படித்தால் உயிருக்கே ஆபத்து. எந்தப் பக்கம் தவறினால் சேதம் குறைவோ, அந்தப் பக்கம் காலியைச் சேர்ப்பது என் வழக்கம். எந்தப் பக்கமும் சேர்க்க முடியாவிட்டால் தனியாகவே காட்ட வேண்டும்.

படி 3: முடிவுக்கு ஏற்ற குவெரி

போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல், எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸ் மென்பொருள்கள் மூன்றிலும் இவை ஓடும் (எஸ்க்யூலைட்டில் 3.23 பதிப்பு முதல்):

வேர் சம்மதம் இஸ் ட்ரூ → 4
வேர் சம்மதம் இஸ் நாட் ட்ரூ → 6, வேண்டாம் என்றவர்களும் காலியும்
வேர் சம்மதம் இஸ் நாட் ஃபால்ஸ் → 7, ஆம் என்றவர்களும் காலியும்
வேர் சம்மதம் இஸ் நல் → 3

'<> ட்ரூ' என்பதும் 'இஸ் நாட் ட்ரூ' என்பதும் படிக்க ஒன்றுபோல் இருக்கும். விடையில் மூன்று பேர் வித்தியாசம்.

எஸ்க்யூஎல் சர்வர் என்ற இன்னொரு மென்பொருளில் 'இஸ் ட்ரூ' கிடையாது. அங்கே பிட் வகைப் புலத்தில் 1, 0, வெற்று என்று இருக்கும். அதனால் நீட்டித்தான் எழுத வேண்டும். உதாரணமாக, 5 என்ற எண்ணுள்ள நகரத்தில் மட்டும் தேட:

வேர் (சம்மதம் = 0 ஆர் சம்மதம் இஸ் நல்) அண்ட் நகரம் = 5

அந்த அடைப்புக்குறியை விட்டுவிடாதீர்கள். அண்ட் முதலில் சேரும் என்பதால், அடைப்பு இல்லாவிட்டால் 0 என்று இருக்கிற எல்லா நகரத்துப் பதிவுகளும் உள்ளே வந்துவிடும்.

கோலெஸ்(சம்மதம், ஃபால்ஸ்) என்று எழுதி வெற்றைப் பொய்யாக மாற்றிக்கொள்வது இன்னொரு வழி. செலக்ட் பகுதியில், திரையில் காட்டுவதற்கு, எனக்கு இது பிடிக்கும். வேர் பகுதியில் போட்டால், அந்தப் புலத்தின் மேல் இருக்கும் சாதாரண இன்டெக்ஸ் (விரைவாகத் தேட உதவும் அமைப்பு) பெரும்பாலும் பயன்படாமல் போகும். பெரிய டேபிளில் அது வேகத்தைத் தின்னும்.

மூன்று நிலைகளையும் பெயரோடு காட்ட வேண்டுமென்றால்:

கேஸ் வென் சம்மதம் இஸ் நல் தென் 'கேட்கவில்லை' வென் சம்மதம் இஸ் ட்ரூ தென் 'ஆம்' எல்ஸ் 'வேண்டாம்' எண்ட்

இதையே சுருக்கி 'கேஸ் சம்மதம் வென் நல்' என்று எழுதினால் அந்தக் கிளை ஒருநாளும் பொருந்தாது. உள்ளே நடப்பது அதே '=' ஒப்பீடு.

படி 4: எண்ணும்போது கவனம்

கவுன்ட்(*) 10 தரும், கவுன்ட்(சம்மதம்) 7 தரும். இரண்டாவது வெற்றை எண்ணாது. ஆகவே சம்மதித்தவர்கள் எத்தனை சதவீதம் என்றால், பத்தில் நான்கு என்று 40 சொல்லலாம், பதில் சொன்ன ஏழில் நான்கு என்று சுமார் 57 சொல்லலாம். இரண்டும் சரிதான். எதைச் சொல்கிறோம் என்பதைத் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்.

பழைய மதிப்பும் புதிய மதிப்பும் மாறியிருக்கிறதா என்று பார்க்கும் இடத்திலும் '<>' ஏமாற்றும். வெற்றிலிருந்து உண்மைக்கு மாறியதை அது கண்டுகொள்ளாது. போஸ்ட்கிரெஸ்ஸிலும், எஸ்க்யூஎல் சர்வரில் 2022 பதிப்பு முதலும், 'இஸ் டிஸ்டிங்க்ட் ஃப்ரம்' இதற்கென்றே இருக்கிறது.

படி 5: காலியே வராமல் தடுப்பது

இரண்டே நிலைகள்தான் என்று உறுதியானால் டேபிளிலேயே பூட்டிவிடலாம். போஸ்ட்கிரெஸ்ஸில் இந்த வரிசையில் (இதில் 'காலம்' என்பது புலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்):

ஆல்டர் டேபிள் உறுப்பினர் ஆல்டர் காலம் சம்மதம் செட் டிஃபால்ட் ஃபால்ஸ்;
அப்டேட் உறுப்பினர் செட் சம்மதம் = ஃபால்ஸ் வேர் சம்மதம் இஸ் நல்;
ஆல்டர் டேபிள் உறுப்பினர் ஆல்டர் காலம் சம்மதம் செட் நாட் நல்;

முதல் வரியோடு நின்றுவிட்டால் போதாது. டிஃபால்ட் (எதுவும் தராதபோது தானாக விழும் மதிப்பு) பழைய பதிவுகளைத் தொடாது, வெளிப்படையாக வெற்றை எழுதும் நிரலையும் தடுக்காது. நடு வரியை ஓட்டிய பிறகு 'கேட்கவில்லை' என்ற தகவல் திரும்ப வராது என்பதால், அதற்கு முன் ஒரு நகல் எடுத்து வைப்பது நல்லது.

இவ்வளவு செய்தாலும் லெஃப்ட் ஜாயின் (இடது டேபிளின் எல்லாப் பதிவுகளோடும் வலது டேபிளில் பொருந்துவதைச் சேர்ப்பது) வழியாக வெற்று மறுபடி வரும். வலது டேபிளில் பொருந்தும் பதிவு இல்லாதபோது, நாட் நல் போட்ட புலமும் விடையில் காலியாகத்தான் தெரியும். அங்கே 'வேர் சம்மதம் = ஃபால்ஸ்' என்று எழுதினால், பொருந்தாத பதிவுகள் அத்தனையும் விழுந்து லெஃப்ட் ஜாயின் சாதாரண ஜாயினாகிவிடும். அவை வேண்டுமென்றால் 'இஸ் நாட் ட்ரூ' போடுங்கள், அல்லது நிபந்தனையை, எது எதோடு பொருந்தும் என்று எழுதும் ஆன் பகுதிக்கு நகர்த்துங்கள். நகர்த்தினால் இடது டேபிளின் எல்லாப் பதிவுகளும் வரும், ஆகவே விடை ஒன்றாக இருக்காது. இரண்டையும் ஓட்டி, வரும் பதிவுகளை ஒப்பிட்டுப் பார்த்தபின் தேர்ந்தெடுங்கள்.