ரெமிங்டன் 870-ஐக் கழற்றித் துடைப்பது

சனிக்கிழமை பறக்கவிடும் களிமண் தட்டுகளைச் சுட்டுவிட்டு வந்தால் அன்று இரவே துப்பாக்கியைக் கழற்றிவிடுவேன். ஞாயிறுக்குத் தள்ளினால் சோம்பல் வந்துவிடும். ஒஹாயோவில் லேத் பட்டறையில் வேலை எனக்கு. பகலெல்லாம் இரும்போடு மல்லுக்கட்டிவிட்டு ராத்திரியும் இரும்பா என்று வீட்டில் கேலி செய்வார்கள். என்னிடம் இருப்பது பழைய ரெமிங்டன் 870, 12 கேஜ் குழல் அளவுள்ள பம்ப் ஷாட்கன். 1950-இல் வந்த வடிவம். உள்ளே இருக்கும் வேலைப்பாடு இன்றைக்கும் ஏறக்குறைய அதேதான்.

முதலில் தோட்டாப் பெட்டியை வேறு அறையில் வையுங்கள். சேஃப்டி, டிரிகரைச் சுற்றியிருக்கும் டிரிகர் கார்டின் பின்பக்கம் குறுக்கே ஓடும் பொத்தான். இடமிருந்து வலமாகத் தள்ளினால் டிரிகர் பூட்டிக்கொள்ளும். பம்ப், அதாவது குழலுக்கு அடியில் முன்னும் பின்னும் நகரும் கைப்பிடி, நகர மறுத்தால் கார்டுக்கு முன்னால் இடப்பக்கம் இருக்கும் சின்ன நாக்கை அழுத்திக்கொண்டு இழுங்கள். அப்புறம் குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் சேம்பருக்குள் சுண்டுவிரலை விடுங்கள். அடுத்த தோட்டாக்கள் வரிசையாக இருக்கும் மேகசின் குழாயின் வாயையும் தொட்டுப் பாருங்கள். கண்ணை நம்பாதீர்கள், விரலை நம்புங்கள்.

கழற்றும் முன் ஒரு வேலை. பம்பை மூடி, நாக்கை அழுத்தியபடி மிக மெதுவாகப் பின்னால் இழுத்துப் பாருங்கள். முதல் சில மில்லிமீட்டருக்கு பம்ப் மட்டும்தான் வரும், சேம்பரைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட் அசையாது. 870-இன் சூட்சுமமே அந்தச் சில மில்லிமீட்டரில்தான் இருக்கிறது. போல்டுக்குள் ஒரு பூட்டுக்கட்டை இருக்கிறது. மூடியிருக்கும்போது அது மேலே எழும்பி, குழலின் பின்நீட்சியில் வெட்டியிருக்கும் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். பம்ப் பின்னால் வரும்போது முதலில் அந்தக் கட்டை கீழே இறங்கும், அதற்குப் பிறகே போல்ட் கிளம்பும். வெடிக்கும்போது வரும் உதையைக் குழலும் கட்டையும் தங்களுக்குள் தாங்கிக்கொள்வதால், வெளிக்கூட்டுக்கு அதிக வேலை இல்லை. ஒரே துப்பாக்கிக்கு இரண்டு மூன்று குழல் மாற்றி மாட்ட முடிவதும் இதனால்தான்.

மேலும் இழுத்தால், வலப்பக்கக் கொக்கி காலித் தோட்டாவைப் பிடித்து இழுக்கும்; இடச் சுவரில் இருக்கும் எஜெக்டர் அதைத் தட்டி வெளியே தள்ளும்; சுத்தியல் பின்னால் சாய்ந்து டிரிகர் பகுதியில் மாட்டிக்கொள்ளும். கடைசியில் மேகசினிலிருந்து அடுத்த தோட்டா கேரியர் என்ற தூக்குத் தட்டின் மேல் வந்து விழும். முன்னால் தள்ளினால் கேரியர் அதைத் தூக்கிக் கொடுக்கும். புதியவர்கள் பம்பை முக்கால்வாசி இழுத்துவிட்டு மாட்டிக்கொண்டதென்று புலம்புவார்கள். முழுக்க இழுத்தால்தானே தோட்டா வரும்! தப்பு துப்பாக்கியில் இல்லை, இடது கையில்.

சரி, கழற்றலாம். பம்பைப் பாதி தூரம் பின்னால் வைத்து, மேகசின் மூடியைத் திருகி எடுத்தால் குழல் முன்னால் கையோடு வந்துவிடும். அடுத்து, வெளிக்கூட்டின் உள்ளே இடச் சுவரில் இருக்கும் ஷெல் லாட்சை (தோட்டாவைத் தடுத்து நிறுத்தும் தகடு) விரலால் சுவரோடு அழுத்திக்கொண்டு பம்பை முன்னால் உருவுங்கள். போல்ட், பம்பிலிருந்து பின்னால் நீளும் இரட்டைத் தண்டுகளின் மேல் சும்மாதான் உட்கார்ந்திருக்கும், எதுவும் பிடித்திருக்காது. முதல் தடவை இது தெரியாமல் உருவி, கராஜ் சிமெண்டுத் தரையில் 'ணங்' என்று போட்டேன். விளிம்பில் விழுந்த வடு இன்னும் இருக்கிறது. கீழே ஒரு பழைய துண்டை விரித்துக்கொள்ளுங்கள்.

டிரிகர் பகுதி இரண்டு பின்களில் நிற்கிறது. தட்டி எடுத்தால் மொத்தமாகக் கீழே வரும். சுத்தியல் பின்வாங்கிய நிலையிலேயே எடுங்கள், அப்படியே திருப்பி மாட்டுங்கள். வெளியே வைத்து டிரிகரை அழுத்திப் பார்க்கும் ஆசை வேண்டாம். மேகசின் ஸ்பிரிங்கை வருஷத்துக்கு ஒரு முறைதான் தொடுவேன். முகத்தை நோக்கிப் பாயும் சாமான் அது.

குழலைச் சேம்பர் பக்கமிருந்து வாய்ப்பக்கமாகத் துடையுங்கள். நூறு தோட்டா சுட்டால் கரியைவிட பிளாஸ்டிக் கோடுகள்தான் அதிகம் ஒட்டியிருக்கும். வெண்கல பிரஷ், கொஞ்சம் சால்வென்ட், பத்து தடவை. சேம்பரை மட்டும் தனியாகத் தேய்ப்பேன். அங்கே அழுக்கு இருந்தால் காலித் தோட்டா ஒட்டிக்கொண்டு பம்ப் வராது. எண்ணெய் தண்டுகளுக்கு ஒரு சொட்டு, பூட்டுக்கட்டைக்கு ஒரு சொட்டு, போதும். எனக்கு முன்னால் இதை வைத்திருந்தவர் எண்ணெயை ஊற்றி, தோளில் வைக்கும் மரப்பகுதியைக் கீழே வைத்து மூலையில் நிறுத்தியிருக்கிறார். எண்ணெய் மெல்ல வழிந்து, மரம் கூட்டோடு சேரும் இடத்தில் கறுத்து நொய்ந்துபோயிருந்தது. அதை உலர்த்த எனக்கு ஒரு கோடைக்காலம் ஆயிற்று.

திருப்பி மாட்டும்போது தண்டுகள் முதலில் வலப்பக்க லாட்சில் முட்டும். அதை அழுத்தி உள்ளே விடுங்கள். கொஞ்சம் போனதும் இடப்பக்க லாட்ச் முட்டும், அதையும் அழுத்துங்கள். மல்லுக்கட்டினால் லாட்ச் வளையும். குழலை மாட்டி, மூடியைக் கையிறுக்கமாகத் திருகி, நாலு தடவை பம்ப் அடித்துப் பாருங்கள். கடைசித் தடவை மூடியபின், நாக்கைத் தொடாமல் இழுத்தால் பம்ப் வரக் கூடாது. வந்தால் மறுபடி கழற்றுங்கள்.