கனேடியன் பசிபிக் ரயில்வேயோட பழைய போட்டோ எந்த வருஷத்துதுன்னு கண்டுபிடிக்கறது எப்படி

போன வருஷம் ஆன்லைன்ல ஒரு பழைய போஸ்ட்கார்டு வாங்கினேன். கியூபெக் சிட்டில கனேடியன் பசிபிக் கம்பெனி நடத்தின ஷாட்டோ ஃப்ரொன்டனாக் ஹோட்டல், வித்தவர் 1930ன்னு போட்டிருந்தார். கைக்கு வந்ததும் ஜன்னல் வெளிச்சத்துல வெச்சுப் பாத்தா நடுவுல இருக்க வேண்டிய அந்தப் பெரிய டவரே இல்ல. அந்த டவர் வந்தது 1924ல. திருப்பிப் பாத்தா பின்பக்கம் நடுக்கோடும் இல்ல, முழுக்க அட்ரஸுக்கு மட்டும்தான் இடம், அதனால அனுப்பினவங்க முன்பக்கம் வானத்துல இருந்த காலி இடத்துல பென்சிலால ரெண்டு வரி நுணுக்கி எழுதியிருந்தாங்க. கார்டோட பின்பக்கத்த ரெண்டா பிரிச்சு ஒரு பாதில லெட்டர் எழுதற வழக்கம் கனடாவுல வந்ததே 1903 கடைசிலதான். ஹோட்டல் தொறந்தது 1893. அப்போ இந்தக் கார்டு வித்தவர் சொன்னத விட ஏறக்குறைய முப்பது வருஷம் பழசு.

அதனாலதான் சொல்றேன், படத்துக்குக் கீழ என்ன எழுதியிருக்குன்னு கடைசியா பாருங்க, மொதல்ல படத்தப் பாருங்க.

கனேடியன் பசிபிக் கம்பெனி 1881ல ஆரம்பிச்சது, 1885 நவம்பர் 7ல தண்டவாளத்துக்குக் கடைசி ஆணி அடிச்சு லைன முடிச்சாங்க, அடுத்த வருஷம் ஜூன் 28ல மான்ட்ரியல்ல கெளம்பின மொத பாசஞ்சர் ரயில் ஜூலை 4ல பசிபிக் கரையில இருக்கற போர்ட் மூடிக்குப் போய் சேந்துச்சு. ரயில் போட்டாச்சு, ஆனா அவ்ளோ நீளமான லைன்ல பல இடத்துல ஆளே இல்ல, டிக்கெட் வாங்க யாராவது வரணுமே, அதுக்காக மலையில ஹோட்டல் கட்டினாங்க, கடல்ல கப்பல் விட்டாங்க, அதையெல்லாம் ஊருக்குக் காட்ட போட்டோகிராஃபர்கள கூட்டிட்டுப் போனாங்க. மான்ட்ரியல் நோட்மன் ஸ்டூடியோ வில்லியம் மெக்ஃபார்லேன் நோட்மனுக்கு ரயில்ல தனி போட்டோ பெட்டியே குடுத்தாங்க. இவ்ளோ படம் இன்னிக்கு மிஞ்சியிருக்கறதுக்கு இதுதான் காரணம். இதெல்லாம் பாதி விளம்பரத்துக்கு எடுத்த படம்ங்கறத மனசுல வெச்சுக்கோங்க.

தேடறதுக்கு நோட்மன் படங்க மான்ட்ரியல் மெக்கார்ட் ஸ்டூவர்ட் மியூசியத்துல இருக்கு, கப்பல், துறைமுகம்னா வான்கூவர் சிட்டி ஆர்க்கைவ்ஸ் (ஆவணக் காப்பகம்), மலைப் பக்கம்னா பான்ஃப்ல வைட் மியூசியம், கல்கரி யுனிவர்சிட்டில இருக்கற கிளென்போ, பொதுவா எல்லாத்துக்கும் லைப்ரரி அண்ட் ஆர்க்கைவ்ஸ் கனடா. எனக்கு ரொம்பப் பிடிச்சது பிரிட்டிஷ் கொலம்பியா யுனிவர்சிட்டில இருக்கற சங் கலெக்ஷன். டாக்டர் வாலஸ் சங் சின்னப் பையனா இருக்கும்போது விக்டோரியாவுல அவங்க அப்பா தையல் கடைச் சுவத்துல எம்ப்ரஸ் ஆஃப் ஏஷியா கப்பல் போஸ்டர் ஒண்ணு இருந்துச்சாம், அதப் பாத்துப் பாத்து வளந்தவர், பெரிய சர்ஜன் ஆன அப்புறமும் வாழ்நாள் முழுக்க சேத்து வெச்சத அப்படியே யுனிவர்சிட்டிக்குக் குடுத்துட்டார். போஸ்டர், மெனு கார்டு, கப்பல் மாடல் எல்லாம் அங்க இருக்கு.

தேடும்போது இன்னிக்கு இருக்கற ஊர்ப் பேர மட்டும் போட்டா பாதி படம் வராது. லேக் லூயிஸ் ஸ்டேஷனுக்கு அப்போ பேரு லாகன், கெனோராவுக்கு 1905 வரைக்கும் ராட் போர்டேஜ், தண்டர் பே 1970 வரைக்கும் ஃபோர்ட் வில்லியம், போர்ட் ஆர்தர்னு ரெண்டு ஊரா இருந்துச்சு. பழைய பேரு, புதுப் பேரு ரெண்டையும் போட்டுத் தேடுங்க.

படம் கெடச்சதும் இருக்கறதுலயே பெரிய ஃபைல டவுன்லோட் பண்ணுங்க, டிஃப் (TIFF, தரம் குறையாத ஃபைல்) குடுத்தா அதையே எடுங்க. அப்புறம் பெருசாக்கிட்டு நாலு மூலையையும் பாருங்க. நோட்மன் படங்கள்ல கீழ் ஓரத்துல நம்பரும் இடத்துப் பேரும் இருக்கும், அந்த நம்பர வெச்சு மியூசியம் கேட்டலாக்ல தேடினா நெகட்டிவ் எப்போ எடுத்ததுன்னு கெடைக்கும். ஆனா ஒரே நெகட்டிவ்ல இருந்து வருஷக்கணக்கா பிரிண்ட் போட்டு வித்திருக்காங்க, அதனால படம் எடுத்த வருஷம் வேற, உங்க கையில இருக்கற பிரிண்டோட வருஷம் வேற, ரெண்டையும் தனித்தனியா குறிச்சு வைங்க.

ரயில் படம்னா இஞ்சினை விட பாலத்தப் பாருங்க. பிரிட்டிஷ் கொலம்பியா மலையில இருக்கற ஸ்டோனி கிரீக் பாலம் மரத்துல இருந்தா 1893க்கு முன்னாடி, இரும்பு வளைவா இருந்தா அதுக்கு அப்புறம். அங்கேயே ஃபீல்ட்ங்கற ஊர் பக்கத்துல, மலைக்குள்ள வட்டமா சுத்தி வர்ற ஸ்பைரல் டனல் தெரிஞ்சா 1909 இல்ல அதுக்கு அப்புறம்.

கப்பல்லதான் நெறைய பேர் தப்பு பண்றாங்க, ஏன்னா இந்தக் கம்பெனி ஒரே பேர திரும்பத் திரும்ப வெச்சிருக்கு. எம்ப்ரஸ் ஆஃப் பிரிட்டன்னு மூணு கப்பல். புகைபோக்கிய எண்ணினாலே போதும், ரெண்டு இருந்து உடம்பு கறுப்புன்னா 1906 கப்பல், மூணு இருந்து வெள்ளையா பிரம்மாண்டமா நின்னா 1931 கப்பல், ஒண்ணே ஒண்ணுன்னா 1956. எம்ப்ரஸ் ஆஃப் ஜப்பானும் அப்படித்தான், 1891 கப்பலுக்கு ரெண்டு புகைபோக்கி, மூணு பாய்மரக் கம்பம், முன்பக்கம் கத்தி மாதிரி நீண்ட வளைவு, 1930 கப்பலுக்கு மூணு புகைபோக்கி. புகைபோக்கில செவப்பு வெள்ளைக் கட்டம் போட்ட கம்பெனிக் கொடி தெரிஞ்சா அது ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் எடுத்த படம்.

எண்ணினாலும் ஏமாறக்கூடிய இடம் ஒண்ணு இருக்கு. எம்ப்ரஸ் ஆஃப் அயர்லாந்தும் 1906 பிரிட்டனும் அச்சு அசல் அக்கா தங்கச்சி மாதிரி. அயர்லாந்து 1914 மே 29 விடிகாலைல செயின்ட் லாரன்ஸ் ஆத்துல பனிமூட்டத்துக்குள்ள ஸ்டோர்ஸ்டாட்ங்கற நிலக்கரிக் கப்பல் மோதி பதினஞ்சு நிமிஷத்துக்குள்ள மூழ்கிடுச்சு, ஆயிரம் பேருக்கு மேல செத்துப்போனாங்க. அதனால அயர்லாந்துன்னு பேர் போட்டா விலை ஏறும், பிரிட்டன் படத்தையே அந்தப் பேர்ல விக்கறாங்க. முன்பக்கம் இருக்கற பேர் எழுத்த படிக்க முடியலன்னா அயர்லாந்துன்னு முடிவு பண்ணாதீங்க. அத்தனை பேர் உயிர் போன கப்பல், அந்தப் பேர தப்பான படத்து மேல ஒட்டக் கூடாது.

ஹோட்டல்ல பான்ஃப் ஸ்ப்ரிங்ஸ் ரொம்ப சுலபம். 1888ல தொறந்தப்போ முழுக்க மரம். 1914ல நடுவுல கல் டவர் வந்துச்சு, ரெண்டு பக்கமும் பழைய மரக்கட்டடம் அப்படியே நின்னுச்சு. 1926ல தீ பிடிச்சு மரப்பகுதி எரிஞ்சுது, 1928ல இப்போ நாம பாக்கற கல் கோட்டை ரெடி. அதனால கல் டவருக்குப் பக்கத்துல மரக்கட்டடம் இருந்தா 1914க்கும் 1926க்கும் நடுவுல, சந்தேகமே வேண்டாம். விக்டோரியா எம்ப்ரஸ் ஹோட்டல் 1908, டொரோன்டோ ராயல் யார்க் 1929, இந்த ரெண்டு வருஷமும் தெரிஞ்சா சிட்டி படங்களுக்கு நெறைய உதவும்.

இப்போ எல்லாருக்கும் தெரிஞ்ச கடைசி ஆணி படம், அலெக்ஸாண்டர் ராஸ்ங்கற போட்டோகிராஃபர் பிரிட்டிஷ் கொலம்பியாவுல கிரெய்கெலாச்சிங்கற இடத்துல எடுத்தது. பெரிய ஃபைலா எறக்கிப் பாருங்க. நடுவுல குனிஞ்சு சுத்தியலோட இருக்கறவர் கம்பெனி டைரக்டர் டொனால்ட் ஸ்மித், அவர் அடிச்ச மொத ஆணி வளைஞ்சு போய் அதப் பிடுங்கிட்டு வேற ஆணி அடிச்சார். பின்னாடி வெள்ளைத் தாடி, உயரத் தொப்பியோட நிக்கறவர் இஞ்சினியர் சாண்ட்ஃபோர்ட் ஃப்ளெமிங். ஸ்மித்துக்குப் பின்னாடி எட்டிப் பாக்கற பையன் எட்வர்ட் மலன்டேன், வயசு 18. இப்போ ஒவ்வொரு மூஞ்சியா தேடுங்க, சீனத் தொழிலாளி ஒருத்தரக்கூட பாக்க முடியாது. பிரிட்டிஷ் கொலம்பியா மலைப் பகுதில வேலை செஞ்ச சீனர்கள் கிட்டத்தட்ட 15,000 பேர், செத்தவங்க குறைஞ்சது 600 பேர்னு கணக்கு, அதே 1885ல தான் சீனாவுல இருந்து வர்றவங்க மேல 50 டாலர் தலைவரி போட்டாங்க. அவங்களப் பாக்கணும்னா அந்தப் பகுதில லைன் போட்ட கான்ட்ராக்டர் ஆண்டர்டாங்க் பேரையோ யேல், காம்லூப்ஸ் ஊரையோ போட்டு கேம்ப் படங்களத் தேடுங்க, பெரும்பாலும் பேர் இல்லாம கும்பலா நிப்பாங்க. சேமிக்கும்போது "தொழிலாளர்கள்"னு மட்டும் போடாம எத்தனை பேர், எந்த ஊர், கையில என்ன சாமான்னு எழுதி வைங்க, பேர் தொலைஞ்சு போனவங்களுக்கு நம்மால முடிஞ்சது அவ்ளோதான்.

திரும்பப் போடலாமான்னு கேட்டா, கனடாவுல 1949க்கு முன்னாடி எடுத்த போட்டோக்களுக்கு அங்க காப்பிரைட் முடிஞ்சிருச்சு, ஆனாலும் எந்த ஆர்க்கைவ்ஸ், என்ன ரெஃபரன்ஸ் நம்பர்னு கூடவே போடுங்க, அது இல்லாமதான் நெட்ல பாதி படம் அனாதையா சுத்துது.

பழகிப் பாக்க ஒரு கப்பல் சொல்றேன். 1891ல வந்த எம்ப்ரஸ் ஆஃப் இந்தியா, அதே வருஷத்து ஜப்பான் கப்பல் மாதிரியே வெள்ளை உடம்பு, ரெண்டு புகைபோக்கி, மூணு கம்பம், வளைஞ்ச முன்பக்கம், வான்கூவர் ஆர்க்கைவ்ஸ்ல படம் கெடைக்கும். 1914ல குவாலியர் மகாராஜா இத வாங்கி போர்ல காயம்பட்டவங்களுக்கு ஆஸ்பத்திரிக் கப்பலா மாத்தி லாயல்ட்டின்னு பேர் வெச்சார், அப்புறம் சிந்தியாங்கற இந்தியக் கப்பல் கம்பெனி கைக்குப் போய் 1919 ஏப்ரல் 5ல பம்பாய்ல இருந்து லண்டனுக்குக் கெளம்புச்சு, நம்ம ஊர்ல அந்த நாளத்தான் தேசிய கடல்சார் தினமா கொண்டாடறோம். 1923ல பம்பாய்லயே உடைச்சுட்டாங்க. ரெண்டு பேர்லயும் தேடி, கெடைக்கற படங்கள பக்கத்துல பக்கத்துல வெச்சு, அந்த வளைஞ்ச முன்பக்கத்தையும் மூணு கம்பத்தையும் ஒப்பிட்டுப் பாருங்க.