தெருக்காரர்கள் சேர்ந்து காட்டுத்தீக்குத் தயாராவது எப்படி: நாங்கள் தடுக்கி விழுந்த இடங்களோடு

நாங்கள் இருப்பது கலிஃபோர்னியாவில், ஓக்லாந்துக்குக் கிழக்கே ஒரு மலைச்சரிவில். மே மாதமே புல் காய்ந்து வைக்கோலாகிவிடும். இலையுதிர் காலத்தில் டயாப்லோ காற்று, அதாவது உள்நாட்டிலிருந்து கடலை நோக்கி வீசும் வறண்ட பலத்த காற்று, அடித்தால் யாருக்கும் சரியாகத் தூக்கம் வராது. 1991-இல் ஓக்லாந்து மலையில் 25 பேரைப் பலிகொண்ட தீயை விரட்டிக்கொண்டு போனது இந்தக் காற்றுதான். ஏன் தயாராக வேண்டும் என்று இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. எப்படி என்பதற்கு வருகிறேன்.

அமெரிக்கத் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம் நடத்தும் ‘ஃபயர்வைஸ் யூஎஸ்ஏ’ திட்டத்தில் எங்கள் தெருவைப் பதிவு செய்தோம். அக்கம்பக்கத்தார் சேர்ந்து காட்டுத்தீ அபாயத்தைக் குறைத்தால் அங்கீகாரம் தரும் திட்டம் இது. இதே வேலையை நீங்களாகவும் செய்யலாம். ஆனால் ஒரு படிவம் இருந்தால்தான் நம் ஆட்கள் நகர்வார்கள்.

படி 1: ஆள் சேர்ப்பது

குறைந்தது எட்டு வீடுகள் வேண்டும். மின்னஞ்சலை நம்பாதீர்கள், யாரும் படிப்பதில்லை. வாட்ஸ்அப் குழு ஒன்று தொடங்குங்கள். அதில் இல்லாத வயதானவர்களின் கதவை நேரில் தட்டுங்கள்.

படி 2: எல்லை போடுவது

நான் சறுக்கியது இங்கேதான். ஆர்வக் கோளாறில் சரிவு முழுவதையும் வளைத்து 212 வீடுகளுக்குக் கோடு போட்டேன். ஆண்டுதோறும் காட்ட வேண்டிய உழைப்புக் கணக்கு வீட்டு எண்ணிக்கையோடு சேர்ந்து ஏறும் என்பதைக் கவனிக்கவில்லை. வீட்டுக்கு ஒரு மணி நேரத் தன்னார்வ உழைப்பு, அல்லது அதற்கு ஈடான பணம், இதுதான் கணக்கு. அப்படியானால் 212 மணி நேரம். முதல் வேலை நாளுக்கு வந்தவர்கள் 14 பேர்! வெட்கத்தோடு கோட்டை அழித்து 46 வீடுகளாகச் சுருக்கினேன்.

இன்னொன்றும் பிறகுதான் புரிந்தது. எல்லாரும் கூடிச் செய்யும் வேலை மட்டும்தான் கணக்கில் வரும் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. தீ அபாயத்தைக் குறைக்க ஒருவர் தன் வீட்டுப் புதரைத் தானே வெட்டினாலும், தோட்டக்காரருக்குக் காசு கொடுத்து வெட்டச் சொன்னாலும் சேரும். ரசீதைப் படம் பிடித்து அன்றே குழுவில் போடச் சொல்லுங்கள். டிசம்பரில் கேட்டால் ஒருவருக்கும் நினைவிருக்காது. இதற்கென்று தனிச் செயலி எதுவும் வேண்டாம், கூகுள் ஷீட் போதும்.

படி 3: சுற்றிப் பார்ப்பது

உள்ளூர்த் தீயணைப்புத் துறையிலிருந்து ஒருவரை அழைத்துக்கொண்டு தெருவைச் சுற்றி வாருங்கள். அபராதம் போட வருகிறார்களோ என்று சிலர் பயப்படுவார்கள். இது தெரு முழுவதுக்குமான பொது மதிப்பீடு, யார் வீட்டுக்கும் மதிப்பெண் போடுவதில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதை வைத்து மூன்று ஆண்டுக்கு ஒரு திட்டம் எழுத வேண்டும். எங்களுடையது ஒன்றரைப் பக்கம்.

படி 4: வேலை நாள்

பெரிய தீச்சுவர் வந்துதான் வீட்டை விழுங்கும் என்று நானும் நினைத்திருந்தேன். பல வீடுகள் எரிவது காற்றில் பறந்து வரும் கங்குகளால். 2018-இல் இதே கலிஃபோர்னியாவில் பாரடைஸ் என்ற ஊர் எரிந்தபோது வீடு சாம்பலாகி, பக்கத்து மரம் பச்சையாக நின்ற படங்களைப் பார்த்திருப்பீர்கள். அதனால் காட்டை நோக்கி ஓடாதீர்கள், சுவரிலிருந்து தொடங்குங்கள். முதல் 5 அடியில் எரியக்கூடியது எதுவும் இருக்கக் கூடாது: மரப்பட்டைத் துண்டுகள், காய்ந்த செடி, அடுக்கிய விறகு எல்லாம் போகட்டும். அங்கே சரளைக் கல் போடுங்கள். கூரை ஓரத்து மழைநீர்த் தகரக் கால்வாயில் சேர்ந்த சருகை அள்ளுங்கள். கூரைக்கடியிலும் சுவரிலும் உள்ள காற்றுத் துளைகளில் எட்டில் ஒரு பங்கு அங்குலக் கண் கொண்ட உலோக வலை அடியுங்கள். பிளாஸ்டிக் வலை உருகிவிடும். இவை முடிந்த பிறகு வீட்டிலிருந்து 30 அடி வரை, அப்புறம் 100 அடி வரை போங்கள்.

புல் வெட்டுவதைக் காலை 10 மணிக்குள் முடித்துவிடுங்கள், காற்று அடித்தால் தள்ளிப்போடுங்கள். இயந்திரத்தின் தகடு கல்லில் உரசிக் கிளம்பும் பொறியே தீ மூட்டிவிடும். செயின்சாவை வாடகைக்கு எடுக்கத் துடிக்கும் ஒருவர் எல்லாத் தெருவிலும் இருப்பார், அவரைச் சமாளியுங்கள். நீளக் கைப்பிடிக் கத்தரியும் மடக்கு ரம்பமும் முக்கால்வாசி வேலையை முடித்துவிடும். முழுக்கைச் சட்டை கட்டாயம். மூன்று மூன்று இலையாக இருக்கும், தொட்டால் அரிக்கும் பாய்சன் ஓக் செடியைத் தொட்டுவிட்டு நான் பத்து நாள் சொறிந்தேன்.

பிற்சேர்க்கை

ஒரு வாசகி, “வாசலில் தேங்காய் நார் மிதியடி போட்டிருக்கிறேனே, அதுவுமா?” என்று கேட்டிருந்தார். அதுவும்தான்! கதவடியில் கங்கு வந்து ஒதுங்கும் இடத்திலேயே காய்ந்த நாரை விரித்து வைத்திருக்கிறோம். பொங்கலுக்குக் கட்டி ஆகஸ்ட் வரை தொங்கும் மாவிலைத் தோரணத்தையும் கழற்றிவிடுங்கள். எங்கள் வீட்டில் இதற்கு ஒரு வாரம் வாக்குவாதம் நடந்தது.

காப்பீட்டுக் கட்டணம் குறையுமா என்று நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். கலிஃபோர்னியாவில் 2022-இல் வந்த விதிப்படி, இப்படிப்பட்ட தடுப்பு வேலைகளுக்கு நிறுவனங்கள் தள்ளுபடி தர வேண்டும். ஃபயர்வைஸ் அங்கீகாரமும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் பாலிசியைப் புதுப்பித்தே ஆக வேண்டும் என்று அந்த விதி சொல்லவில்லை. எனக்குக் கிடைத்தது சிறிய தள்ளுபடிதான், அதுவும் சான்றிதழை நானே அனுப்பிக் கேட்ட பிறகு.