முதல் மழையைத் தாங்கிக்குள் விடாதீர்கள்

கார்த்திகையில் முற்றம் முழுக்க வெள்ளம். ஆவணியில் கச்சான் என்னும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசும்போது அதே வளவில் கிணற்றுத் தண்ணீர் உவர்க்கும். கடலுக்கும் வாவிக்கும் நடுவே மணலில் குடியிருக்கும் மட்டக்களப்பின் கல்லடி, ஆரையம்பதிப் பக்கத்து ஆட்களுக்கு இது புதிதல்ல. அதனால் மழைநீரைச் சேர்க்கக் கூரையோரம் பீலி கட்டித் தாங்கி வைக்கிறோம். பிழை விடுவதும் அங்கேதான்.

பெரிய பிழை, கோடை முடிந்து பெய்யும் முதல் மழையை ஆசையோடு பிடிப்பது. மாதக்கணக்கில் கூரையில் சேர்ந்த தூசு, காக்கை எச்சம், வேப்பஞ்சருகு எல்லாம் அதோடுதான் இறங்கும். ஒரு சதுர மீட்டர் கூரைக்கு ஒரு லீட்டராவது வெளியே போக வேண்டும். 50 சதுர மீட்டர் கூரை என்றால் 50 லீட்டர். இந்த அழுக்குத் தண்ணீரைத் தனியே பிடிக்கவென்று நாலு அங்குலக் குழாயில் மூன்றடித் துண்டை நிமிர்த்தி வைத்து மூடியும் போட்டு விடுவார்கள். அது பிடிப்பதோ ஏழெட்டு லீட்டர்! பழைய பீப்பா ஒன்றை இணைப்பது மேல். மழை விட்டதும் அதைத் திறந்து விடவும் வேண்டும். நான் ஒருமுறை மறந்தேன். அடுத்த மழையின் அழுக்கு முழுவதும் நேரே தாங்கிக்குள்தான்.

அடுத்தது நுளம்பு. மூடிக்கு வலை கட்டியவர்கள்கூட, நிரம்பி வழியும் குழாயின் வாயை அப்படியே விட்டுவிடுகிறார்கள். டெங்கு நுளம்புக்கு அந்த வழி போதும். அதன் முட்டை தாங்கியின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஆகவே வெறுமையாக்கினால் மட்டும் போதாது, சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

அஸ்பெஸ்டஸ் கூரையைக் காய்ந்த நேரத்தில் உரஞ்சாதீர்கள். அந்தத் தூசு நெஞ்சுக்குக் கேடு. ஆயிரம் லீட்டர் தண்ணீரின் எடை ஒரு தொன், வெறும் மணலில் வைத்தால் தாங்கி சரியும். வெயில் ஊடுருவும் தாங்கியில் பாசி பிடிக்கும்.

சரி, எவ்வளவு சேரும்? அதே 50 சதுர மீட்டர் கூரையில் 20 மில்லிமீட்டர் பெய்தால் கணக்குக்கு ஆயிரம் லீட்டர். சிந்தியது போக எண்ணூறாவது வரும். இதைப் பூமரத்துக்கு ஊற்றித் தீர்ப்பதும் பிழைதான். குடிக்க, சமைக்க ஆளுக்கு ஐந்து லீட்டர் என்றால் நாலு பேருக்கு நாளுக்கு இருபது. மாரி முடியும்போது மூவாயிரம் லீட்டர் கையில் இருந்தால் ஐந்து மாதம் ஓடும். குடிப்பதைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள்.

தாங்கி நிரம்பி வழிவதை நேரே கிணற்றுக்குள் விடாமல், கொஞ்சம் தள்ளிக் குழி வெட்டி அதில் விடுங்கள். மணல் அதை வடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும். நம் கிணறுகளின் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேல் மிதக்கும் மெல்லிய படைதான். மோட்டர் போட்டு அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழே இருக்கிற உப்பு மேலே ஏறிவிடும்.