சீர்திருத்த ஞாயிறு: வீட்டில் நாலு வாரம், சபையில் ஒரு காலை

அக்டோபர் 31 சீர்திருத்த நாள், மார்ட்டின் லூத்தர் தொடங்கிய திருச்சபைச் சீர்திருத்தத்தைப் புராட்டஸ்டண்ட் சபைகள் நினைவுகூரும் நாள். அதை ஒட்டி வரும் ஞாயிற்றில் ஆராதனை வைப்பது பல சபைகளில் வழக்கம். காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர்ப் பக்கம் அது ஐப்பசி மழைக்காலம், தீபாவளியும் முன்பின்னாக வரும். அதனால் பந்தலை நம்ப வேண்டாம், எல்லாம் கோவிலுக்குள்ளேயோ ஒரு வீட்டு முகப்பிலோ நடக்கட்டும். பிள்ளைகளின் படிப்பை அக்டோபர் முதல் வாரமே தொடங்கிவிடுங்கள்.

முதல் வாரம் லூத்தரின் ஊரான ஜெர்மனியின் விட்டன்பர்க். 1517இல் லூத்தர் பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையை எதிர்த்து 95 வாதங்களை எழுதினார். அதை அங்கே கோவில் கதவில் ஆணியடித்தாரா என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் தகராறு. பேராயர் ஆல்பிரெக்டுக்கு அக்டோபர் 31 தேதியிட்டுக் கடிதம் எழுதியது மட்டும் உறுதி. பிள்ளைக்கு அங்கி மாட்டிச் சுத்தியலைக் கொடுத்து நிறுத்துவதோடு பாடம் முடிந்துவிடக் கூடாது. 1522இல் அவர் புதிய ஏற்பாட்டை ஜெர்மன் மொழியில் வெளியிட்டாரே, வேதத்தை அவரவர் மொழியில் தருவது என்ற அதுதான் நம் ஊர் வரைக்கும் வந்த சங்கதி.

இரண்டாம் வாரம் தரங்கம்பாடி. 1706 ஜூலை 9 அன்று வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் தமிழ் எழுதிப் பழகினார். ஒரு தாம்பாளத்தில் விரல்கடை உயரத்துக்கு மணலைப் பரப்பி அதையே செய்யச் சொல்லுங்கள். மணல் லேசாக ஈரமாக இருக்க வேண்டும். காய்ந்த மணலில் ‘ழ’வின் சுழி சரிந்து மூடிக்கொள்ளும்.

மூன்றாம் வாரம் அச்சு. பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கிற வேலை இது. சாதாரண ரப்பர் நாலைந்து, பட்டர் பேப்பர், 4பி பென்சில், கட்டர், ஸ்டாம்ப் பேட் போதும். தாளில் எழுத்தை அழுத்தி எழுதி, அப்படியே கவிழ்த்து ரப்பர்மேல் வைத்துத் தேய்த்தால் தலைகீழ்ப் பிம்பம் இறங்கும். எழுத்தை விட்டுவிட்டுச் சுற்றிலும் 3 மி.மீ. ஆழம் செதுக்குங்கள். கட்டர் பெரியவர் கையில்தான் இருக்கட்டும். ஆழம் குறைந்தால் பின்புலமும் மையைத் தொட்டுக் கரி அப்பியது போல விழும். முதலில் ‘ப’ வெட்ட வேண்டாம், கவிழ்க்க மறந்தாலும் அது ஏறக்குறைய அப்படியே தெரியும். ‘ட’ உடனே காட்டிக்கொடுத்துவிடும். புள்ளியைச் செதுக்கப் போனால் பிய்ந்து போகும். பென்சில் முனை ரப்பரை மையில் தொட்டு வைத்தாலே போதும்.

அடுத்து ஒரே வசனத்தை ஒருமுறை 2 செ.மீ. எழுத்திலும், மறுமுறை அரை செ.மீ. எழுத்திலும் எழுதி, எத்தனை தாள் ஆனது என்று எண்ணச் சொல்லுங்கள். ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து சீகன்பால்கின் அச்சகத்துக்கு வந்த தமிழ் அச்செழுத்துகள் பெரியவை, காகிதத்தை விழுங்கின. அதனால்தான் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள், பொறையாரில் காகித ஆலையும் வைத்தார்கள். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது.

இங்கே மேடைதோறும் ஒரு தவறு நடக்கிறது. ‘தமிழின் முதல் அச்சு நூல் சீகன்பால்கினுடையது’ என்பார்கள். இல்லை. ‘தம்பிரான் வணக்கம்’ 1578இலேயே கொல்லத்தில் அச்சாகிவிட்டது, அச்சிட்டவர்கள் கத்தோலிக்கர்கள். பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கக் குடும்பத்தையும் கூப்பிட்டிருப்பீர்கள், போதகர் ஐயர் பிரசங்கத்துக்கு ஏறுமுன் அவரிடம் இதை ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

நான்காம் வாரம் உங்கள் சபையின் கதை: கோவில் கல்வெட்டு, ஞானஸ்நானப் பதிவேடு, திருமணப் பதிவேடு. பதிவேட்டை ஜெராக்ஸ் கடைக்குத் தூக்கிப் போகாதீர்கள், விரித்து அழுத்தினால் முதுகு விட்டுப்போகும். ஜன்னலோரம் வைத்து, பிளாஷ் இல்லாமல் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெயர்களின் எழுத்தைத் திருத்தாமல் உள்ளபடியே படியெடுக்க வேண்டும். வசதியிருந்தால் புதுக்கோட்டை வழியாகத் தஞ்சாவூர் போய், 1798இல் இறந்த ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்சுக்குச் சரபோஜி மன்னர் எழுப்பிய பளிங்குச் சிற்பத்தைப் பார்த்துவரலாம்.

ஞாயிறன்று ஒன்றரை மணி நேரம் போதும். 46ஆம் சங்கீதத்தை வாசியுங்கள், லூத்தரின் புகழ்பெற்ற பாட்டு அதிலிருந்து பிறந்ததுதான். தஞ்சைக் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் கீர்த்தனை ஒன்றும் இருக்கட்டும். 1733இல் குருப்பட்டம் பெற்ற ஆரோன் பற்றி ஒரு பிள்ளை மூன்று நிமிடம் பேசட்டும், புராட்டஸ்டண்ட் சபையில் முதல் தமிழ்ப் போதகர் அவர். பெரியவர்கள் பேச்சு பதினைந்து நிமிடத்தைத் தாண்டினால் பின்வரிசைப் பிள்ளைகள் வெளியே மழையில்தான் நிற்பார்கள்.

சாப்பாட்டோடு கறுப்புக் கவுனி அரிசி இனிப்பு. ஐம்பது பேருக்கு அரிசி 2 கிலோ, சர்க்கரை ஒன்றரைக் கிலோ, தேங்காய் 6, ஏலக்காய், நெய். சனிக்கிழமை சாயங்காலமே ஊற வையுங்கள். காலையில் ஊறப்போட்டால் எத்தனை விசில் விட்டாலும் நடு அரிசி நறுக்கென்றே இருக்கும். ஊறிய தண்ணீரைக் கொட்டாதீர்கள், நிறம் அதில்தான் இருக்கிறது, அதிலேயே வேக வையுங்கள். விரலால் நசுக்கினால் மசிய வேண்டும், அதற்குப் பிறகுதான் சர்க்கரை. முந்திப் போட்டால் அரிசி விறைத்துவிடும். தேங்காய்ப்பூவைப் பரிமாறும்போது சேருங்கள், மத்தியானம் வரை கலந்து வைத்தால் புளித்துவிடும்.